ஸ்டார் போட்டாங்க... பலிச்சுதா?

2025 ஏப்ரல் 24. அமெரிக்காவின் கிரீன் பே நகரம். மேடைக்கு முன்னால் கலர் கலராக ஜெர்சி மாட்டிக்கொண்டு எக்கச்சக்கக் கூட்டம். என்.எஃப்.எல். எனப்படும் அமெரிக்க ஃபுட்பால் லீகின் 'டிராஃப்ட்' நாள். காலேஜில் ஆடி முடித்த பசங்களை 32 அணிகளும் முறை வைத்துப் பொறுக்கியெடுக்கும் திருவிழா. நம்ம ஐ.பி.எல். ஏலம் மாதிரி டென்ஷன் இருக்கும், ஆனால் ஏலம் கிடையாது. போன சீசனில் யார் ரொம்ப மோசமாகத் தோற்றார்களோ அவர்களுக்குத்தான் முதல் சான்ஸ். மூன்று நாள், ஏழு ரவுண்டு. அந்த வருஷம் மொத்தம் 257 பேர்.

முதல் பெயரை அறிவித்தார்கள். கேம் வார்ட். டெக்சாஸ் பையன். டென்னசி டைட்டன்ஸ் எடுத்துக்கொண்டது.

இரண்டாவது பெயர், டிராவிஸ் ஹன்டர். ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்கூல் படித்தவர். ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் எடுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள். கூட்டம் கரைந்து, டி.வி.க்காரர்களுக்கும் தொண்டை கட்டிப்போன நேரம். கடைசி ரவுண்டில் 231-வது பெயர், குவின் யூவர்ஸ். இவரும் டெக்சாஸ் பையன்தான். மியாமி டால்ஃபின்ஸ் எடுத்தது.

இதில் என்ன பாஸ் விசேஷம்னு கேக்கறீங்களா? இந்த மூன்று பேரும் ஸ்கூல் படித்தபோது, 'எதிர்காலத்தில் யார் பெரிய ஆளா வருவாங்க' என்று கணித்து ஸ்டார் போடும் கம்பெனிகள் இவர்களையும் எடை போட்டிருந்தன. யூவர்ஸுக்கு அஞ்சு ஸ்டார். சாதாரண அஞ்சு இல்லை... நூற்றுக்கு நூறு! ஹன்டருக்கும் அஞ்சு ஸ்டார், அவருடைய செட்டில் நாட்டிலேயே நம்பர் ஒன். கேம் வார்டுக்கு?

ஒரு ஸ்டார்கூட இல்லை. பூஜ்ஜியம்!

அப்போ இந்த ஸ்டார் கணக்கெல்லாம் சும்மாவா? அவசரப்படாதீங்க. அதே லிஸ்ட்டில் இரண்டாவதாக நிற்கிற ஹன்டரை என்ன செய்வது?

முதல்ல ஸ்டார்னா என்னன்னு பார்த்துடுவோம்

இது நாம ஆடுற ஃபுட்பால் இல்லை. தலையில் ஹெல்மெட், தோளில் மூட்டை மூட்டையாகக் கவசம், முட்டை வடிவப் பந்து. காலைவிடக் கைக்குத்தான் அதிக வேலை. அமெரிக்காவில் வருஷத்துக்குச் சுமார் பத்து லட்சம் பசங்க ஸ்கூல் டீமில் இதை ஆடுகிறார்கள். அதில் ரொம்பச் சிலரைத்தான் பெரிய காலேஜ்கள் ஸ்காலர்ஷிப் கொடுத்து அழைத்துக்கொள்ளும். யாரை அழைப்பது என்று கோச்சுகள் ஊர் ஊராக அலைவார்கள். 'நம்ம காலேஜுக்கு இந்த வருஷம் யார் வர்றாங்க?' என்று தெரிந்துகொள்ள ரசிகர்களுக்கும் வெறி. அந்த வெறிதான் இந்த பிசினஸுக்கு முதலீடு. 1998-ல் ரைவல்ஸ், 2010-ல் 247 ஸ்போர்ட்ஸ், நடுவில் இ.எஸ்.பி.என். என்று வரிசையாகக் கடை விரித்தார்கள்.

பையன் ஆடிய வீடியோவைப் பார்ப்பார்கள். உயரம், எடை, கை நீளம், 40 கஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான் என்று எல்லாவற்றையும் குறிப்பார்கள். கோடைக்கால கேம்ப்புகளில் நேரில் போய்ப் பார்ப்பார்கள். பிறகு இரண்டிலிருந்து அஞ்சு வரைக்கும் ஸ்டார். அஞ்சு ஸ்டார் என்பது ஒரு செட்டுக்குச் சுமார் முப்பது பேருக்குத்தான். 247-காரர்கள் கறாராக 32 என்று வைத்திருக்கிறார்கள். ஏன் 32? என்.எஃப்.எல். டிராஃப்டின் முதல் ரவுண்டில் 32 இடம். அதாவது, 'மூணு நாலு வருஷம் கழித்து முதல் ரவுண்டில் போகப்போறது இந்தப் பசங்கதான்' என்று பதினேழு வயசிலேயே எழுதி வைக்கிறார்கள். ஜோசியக்காரர்களுக்குக்கூட இந்தத் தைரியம் வராது!

நாலு ஸ்டாருக்குச் சில நூறு பேர். மூணு ஸ்டாருக்கு ஆயிரத்துக்கும் மேல். இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேலை இருக்கு.

டெக்சாஸில் ரெண்டு பசங்க

வார்ட், யூவர்ஸ் ரெண்டு பேருமே குவார்ட்டர்பேக். பந்து முதலில் இவர் கைக்குத்தான் வரும். எதிராளிகள் பாய்ந்து வந்து அமுக்குவதற்குள், யாருக்கு எறிவது என்று ரெண்டு மூணு நொடியில் முடிவெடுக்க வேண்டும். டீமின் மூளை மாதிரி.

யூவர்ஸ் படித்தது டல்லாஸ் பக்கத்தில் சவுத்லேக் கேரல் ஸ்கூல். வசதியான ஏரியா, பேர் பெற்ற டீம். பந்தை அவர் எறிகிற ஸ்டைலைப் பார்த்தே மயங்கினார்கள். எல்லாக் கம்பெனிகளின் மதிப்பெண்ணையும் கூட்டிக் கழித்து 247 போடும் மொத்த ஸ்கோரில் அவருக்குக் கிடைத்தது 1.0000. அதற்கு மேல் மார்க்கே கிடையாது.

வார்ட் படித்தது வெஸ்ட் கொலம்பியா என்ற சின்ன ஊரில். அந்த ஸ்கூல் கோச் நம்பியது பழைய பாணி ஆட்டத்தை. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடு, ஓடு, ஓடிக்கொண்டே இரு. ஒரு மேட்ச்சில் எறிவதே சில தடவைதான். எறியவே விடாத டீமில், எறிவதில் கெட்டிக்காரன் என்று எப்படித் தெரியும்? ஸ்டார் போடுகிறவர்களுக்குப் பார்க்க வீடியோவே இல்லை. ஒரே ஒரு காலேஜ்தான் ஸ்காலர்ஷிப்போடு கூப்பிட்டது. சான் அன்டோனியோவில் இன்கார்னேட் வேர்ட் என்ற யுனிவர்சிட்டி. காலேஜ் ஃபுட்பாலில் அது இரண்டாம் அடுக்கு.

போனார். முதல் சீசனிலேயே அந்த அடுக்கின் சிறந்த புதுமுகம் என்று விருது. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட். 2024 ஜனவரியில் 'டிராஃப்டுக்குப் போறேன்' என்று அறிவித்துவிட்டு, அப்புறம் மனசு மாறி, இன்னும் ஒரு வருஷம் ஆடிப் பார்க்கலாம் என்று மியாமிக்குப் போனார். அந்த ஒரு வருஷத்தில் 39 டச் டவுனுக்குப் பந்து எறிந்தார். மீதிதான் தெரியுமே.

யூவர்ஸ் கதை வேற ரூட். 2021 ஜூலையில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. அதுவரை காலேஜ் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. அந்தத் தடை நீங்கியது. ஆனால் டெக்சாஸில் ஸ்கூல் பசங்களுக்குத் தடை அப்படியே நின்றது. யூவர்ஸுக்கோ விளம்பர வாய்ப்புகள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. என்ன செய்தார்? ஸ்கூலின் கடைசி வருஷத்தையே விட்டுவிட்டு, ஒரு வருஷம் முன்னதாகவே ஓஹியோ ஸ்டேட் காலேஜில் சேர்ந்துவிட்டார். பத்து லட்சம் டாலருக்கும் மேல் ஒப்பந்தம் என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. காலேஜ் மைதானத்தில் ஒரு பந்துகூட எறிவதற்கு முன்னாடியே!

அங்கே அந்த சீசனில் அவர் களத்தில் நின்றது ரெண்டே ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் பந்தைப் பக்கத்து ஆளிடம் கொடுத்ததோடு சரி. அடுத்த வருஷமே டெக்சாஸ் யுனிவர்சிட்டிக்குத் திரும்பினார். அங்கே நன்றாகத்தான் ஆடினார். 2023, 2024 இரண்டு சீசனிலும் டீமைத் தேசிய பிளே ஆஃப் வரைக்கும் கொண்டுபோனார். நடுநடுவே காயங்கள். கடைசியில், 231.

இவரைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பத்து லட்சம் பசங்களில் டிராஃப்டில் பேர் வருவதே குதிரைக்கொம்பு. 1.0000 என்று பதினேழு வயசில் எழுதிக் கழுத்தில் மாட்டியதால்தான் 231 என்பது கேலியாகத் தெரிகிறது. அந்த நம்பரைப் போட்டது அவரா?

கணக்கு வாத்தியாரைக் கூப்பிடுவோம்

இந்தப் பட்டிமன்றத்தில் ரெண்டு கட்சி உண்டு. 'ஸ்டாரெல்லாம் வேஸ்ட்டு, என்.எஃப்.எல்.ல போய்ப் பாரு, பாதிக்கு மேல மூணு ஸ்டாரும் அதுக்குக் கீழயும்தான்' என்பது ஒரு கட்சி. 'அஞ்சு ஸ்டார் பசங்கதான் டிராஃப்டில் அதிகம் தேறுறாங்க' என்பது இன்னொரு கட்சி. தமாஷ் என்னவென்றால், ரெண்டு பேர் சொல்வதும் உண்மை!

எப்படி? ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். அஞ்சு ஸ்டார் 30 பேர், அதில் பாதிப் பேர் டிராஃப்டில் தேறுகிறார்கள். 15 பேர். மூணு ஸ்டார் 1,500 பேர், அதில் நூற்றுக்கு அஞ்சு பேர்தான் தேறுகிறார்கள். 75 பேர். இப்போ கிரீன் பே மேடையில் நின்று பார்த்தால், மூணு ஸ்டார் ஆட்கள் அஞ்சு மடங்கு அதிகமாகத் தெரிவார்கள். ஆனால் ஸ்கூல் வாசலில் நின்று ஒரு பையன்மேல் பந்தயம் கட்டச் சொன்னால், அஞ்சு ஸ்டார் பையனின் சான்ஸ் பத்து மடங்கு அதிகம். கணக்கு ஒன்றுதான், எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதில்தான் சண்டை. (நான் வசதிக்குப் போட்ட உருண்டை நம்பர்கள் இவை. ஆனால் நிஜமும் இதைவிட்டு ரொம்ப விலகி இல்லை. அஞ்சு ஸ்டாரில் ஏறக்குறைய பாதிப் பேர் டிராஃப்டில் போவது வழக்கம்தான்.)

கும்பலாகப் பார்த்தால் ஸ்டார் பொய் சொல்வதில்லை. 2011-ல் நாட்டின் நம்பர் ஒன் பையன் ஜடேவியன் கிளவ்னி, 2014 டிராஃப்டிலும் முதல் ஆள். 2014-ல் அஞ்சு ஸ்டார் வாங்கிய மைல்ஸ் காரட், 2017-ல் முதல் ஆள், 2023 சீசனில் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர். இவர்களையெல்லாம் பதினாறு வயசில் பார்த்தவர்களே 'இது வேற லெவல்டா' என்று சொல்லிவிட்டார்கள். உடம்பே காட்டிக்கொடுத்துவிடும்.

தனி ஒரு பையனைக் காட்டி, 'இவன் வருவானா, மாட்டானா?' என்று கேட்கும்போதுதான் ஸ்டார் திணறுகிறது. 2009-ல் ரைவல்ஸ் நம்பர் ஒன்னாக வைத்தது பிரைஸ் பிரவுனை. 2012 டிராஃப்டில் அவருக்குக் கிடைத்தது கடைசி ரவுண்டு, 229-வது இடம்.

வளரும் பிள்ளையை எப்படி அளப்பது?

தப்பு எங்கே நடக்கிறது? முதல் காரணம் ரொம்ப சிம்பிள். பதினேழு வயசுப் பையன் இன்னும் வளர்ந்து முடிக்கவில்லை.

கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்று ஒரு ஊர். விவசாயக் குடும்பத்துப் பையன் ஜோஷ் ஆலன். ஸ்கூல் முடிக்கும்போது உயரம் ஆறடி மூணு அங்குலம், எடை 80 கிலோ சொச்சம். அந்த ஆட்டத்துக்கு அது தென்னங்குச்சி. எந்தப் பெரிய காலேஜும் கூப்பிடவில்லை. பக்கத்திலிருந்த ரீட்லி என்ற ரெண்டு வருஷக் காலேஜில் ஆடினார். அதன்பிறகும் நாடு முழுக்க கோச்சுகளுக்கு மெயில் மேல் மெயில் தட்டினார். கடைசியில் கைகொடுத்தது வயோமிங் யுனிவர்சிட்டி ஒன்றுதான். இதற்குள் உயரம் இன்னும் ரெண்டு அங்குலம் ஏறி, எடை நூறு கிலோவைத் தாண்டிவிட்டது. 2018 டிராஃப்டில் ஏழாவது ஆள். 2024 சீசனில் லீகின் மிகச்சிறந்த வீரர் விருது. ரீட்லி காலத்து கோச்சுகளின் இன்பாக்ஸில் அந்த மெயில் இன்னும் கிடக்குமோ என்னவோ, பார்த்தால் வயிறு எரியும்.

ரெண்டாவது காரணம், ஆடும் இடமே மாறிவிடும். ஜே.ஜே.வாட்டுக்கு ஸ்கூலில் ரெண்டு ஸ்டார். சென்ட்ரல் மிச்சிகனில் சேர்ந்து, பந்து பிடிக்கிற 'டைட் எண்ட்' வேலை பார்த்தார். சரிப்படவில்லை. கையிலிருந்த ஸ்காலர்ஷிப்பை உதறிவிட்டு வீட்டுக்கு வந்து, பீட்சா டெலிவரி செய்தார். பிறகு சொந்தக் காசில் விஸ்கான்சின் யுனிவர்சிட்டியில் சேர்ந்து, தடுப்பாட்டத்துக்கு மாறினார். 2011-ல் பதினொன்றாவது ஆளாக ஹூஸ்டன் எடுத்தது. 2012, 2014, 2015 மூன்று சீசனில் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர்! அவருக்குப் போட்ட ரெண்டு ஸ்டார் தப்பே இல்லை, டைட் எண்ட் வாட்டுக்கு அது சரியான மார்க்தான். தடுப்பாட்டக்கார வாட் அப்போது பிறக்கவே இல்லை.

ஸ்டார் லிஸ்ட்டிலேயே இருக்க முடியாத ஒருத்தரும் இருக்கார். ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர். ஒரே ஒரு அமெரிக்க ஃபுட்பால் மேட்ச்கூட ஆடாமல் 2018-ல் 233-வது ஆளாக டிராஃப்டில் நுழைந்தார். குவார்ட்டர்பேக்கை எதிராளிகளிடமிருந்து காக்கிற மனிதச் சுவர் வேலை. 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியோடு சூப்பர் பவுல் கோப்பையே வாங்கிவிட்டார்.

சூப்பர் பவுல் என்றதும் இன்னொன்று. 2024 பிப்ரவரி ஃபைனலில் மோதிய குவார்ட்டர்பேக்குகள் பேட்ரிக் மஹோம்ஸ், பிராக் பர்டி. ஸ்கூலில் ரெண்டு பேரும் மூணு ஸ்டார்தான். பர்டியோ 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262-வது. பல கோடி டாலர் செலவழித்து ஆள் தேடும் என்.எஃப்.எல். அணிகளே இருபத்திரண்டு வயசு இளைஞனை இப்படித் தப்பாக எடை போடுகின்றன. டாம் பிராடி 2000-ல் 199-வது ஆள், பின்னாளில் ஏழு சூப்பர் பவுல். பதினேழு வயசுப் பையனுக்கு ஸ்டார் போட்டவர்களை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை.

பேர் தெரியாத பசங்க

ஆலன், வாட், வார்ட் கதையெல்லாம் கேட்க ஜிலீர் என்று இருக்கிறது. 'பாத்தியா, ஸ்டார் இல்லாமலே ஜெயிச்சுட்டான்!' என்று கைதட்டத் தோன்றுகிறது. எனக்கு இடிப்பது அங்கேதான்.

ஸ்டார் என்பது வெறும் கணிப்பு இல்லை. அது ஒரு கேட் பாஸ். அஞ்சு ஸ்டார் பையன் பெரிய காலேஜுக்குப் போவான். அங்கே நாட்டின் சிறந்த கோச்சுகள், ஜிம், டாக்டர், சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள், சனிக்கிழமைதோறும் டி.வி. என்.எஃப்.எல். தேர்வாளர்கள் அங்கேதான் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவன் தேறிவிட்டால், 'சொன்னோம்ல!' என்று ஸ்டார் போட்டவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். அவன் தேறியதில் ஸ்டாருக்கே ஒரு பங்கு இருக்கிறதே, அதை எப்படிப் பிரிப்பது? போதாததற்கு, பெரிய காலேஜ் ஒன்று ஒரு பையனுக்கு சீட் தருகிறோம் என்று சொன்னதும் அவனுடைய ரேட்டிங்கும் மேலே ஏறும். கோச்சைப் பார்த்து ஸ்டார், ஸ்டாரைப் பார்த்து ரசிகன், ரசிகனைப் பார்த்து கோச்!

இன்னொன்று, ஸ்டார் இருந்தால் ரெண்டாவது சான்ஸ் உண்டு. ஓஹியோ ஸ்டேட்டில் யூவர்ஸ் ஒரு பந்துகூட எறியவில்லை. ஆனாலும் டெக்சாஸ் யுனிவர்சிட்டி அவரை அள்ளிக்கொண்டது. வார்ட் இன்கார்னேட் வேர்டின் முதல் சீசனில் சொதப்பியிருந்தால்? ஆலனுக்கு வயோமிங்கும் 'ஸாரி' சொல்லியிருந்தால்? ரெண்டு பேருக்கும் இருந்தது ஒரே ஒரு கதவு. அந்த ஒரு கதவும் திறக்காத பசங்க எத்தனை பேர்? பீட்சா டெலிவரியிலிருந்து திரும்பி வந்த வாட்டை நமக்குத் தெரியும். டெலிவரியோடு நின்றுபோனவர்களை எந்த லிஸ்ட்டில் தேடுவது? ஸ்டார் தப்பா, சரியா என்ற கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள். ஆடவே விடாத பையன், 'வருவான்னு நாங்க சொல்லலையே, வரலை பாருங்க' என்று ஸ்டார் போட்டவர்களின் வெற்றிக் கணக்கில்தான் சேருவான்.

கேம்ப்புகளுக்கு அலைய பெட்ரோல் காசு வேண்டும். நல்ல வீடியோ எடுக்க ஆள் வேண்டும். எறிய விடுகிற கோச் வேண்டும். சவுத்லேக்கில் இதெல்லாம் இருந்தது. வெஸ்ட் கொலம்பியாவில்?

2021-க்கு முன்னால் ஸ்டார் என்பது பெருமை, ஒரு சீட், அவ்வளவுதான். இப்போது அது ரொக்கம். 2025 ஜூலையிலிருந்து காலேஜ்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருஷத்துக்கு ஒரு காலேஜ் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 2 கோடி டாலர் சொச்சம். பெருந்தொகை போவது ஃபுட்பாலுக்குத்தான். மூணு ஸ்டாரா, நாலு ஸ்டாரா என்பது ஒரு குடும்பத்தின் வீட்டுக்கடன் சமாச்சாரம் ஆகிவிட்டது. என்.எஃப்.எல். போகிறானா இல்லையா என்று தெரிய நாலு வருஷம் ஆகும், செக் இன்றைக்கே வருகிறதே! கணிப்பு பலித்தாலும் பலிக்காவிட்டாலும் பணம் கை மாறிவிட்டது.

யூவர்ஸ் ஸ்கூலின் கடைசி வருஷத்தைத் தியாகம் செய்ததைப் பலர் திட்டினார்கள். 231-வது இடம் வந்த பிறகு யோசித்தால், அந்தப் பையன்தான் தன் ஸ்டாரைச் சரியாகக் கணித்தவனோ என்று தோன்றுகிறது. விலை உச்சத்தில் இருக்கும்போதே விற்றுவிட்டான்!

இப்போது காலேஜ் விட்டுக் காலேஜ் தாவுவது சகஜமாகிவிட்டதால், ஸ்டார் கம்பெனிகள் புதுசாக ஒரு வேலை ஆரம்பித்திருக்கின்றன. தாவுகிற பசங்களுக்கு, பழைய ஸ்கூல் மார்க்கை ஓரம் கட்டிவிட்டு, காலேஜில் ஆடியதைப் பார்த்துப் புதிதாக ரேட்டிங் போடுகிறார்கள். 2024-ல் கேம் வார்ட் மியாமிக்குப் போனபோது அந்த லிஸ்ட்டின் உச்சாணிக் கொம்பில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். அப்போது அவர் காலேஜ் மைதானத்தில் நாலு சீசன் பந்து எறிந்து முடித்திருந்தார்.